படகுத் தூண்டிலும் கரைக்கடல் வளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நாளில் படகெடுத்துக் கரைக்கடலில் தூண்டில் போடுவோர், தங்களால் கடலுக்குக் கேடு உண்டா என்று கேட்கும் கேள்விகளுக்கும், அவர்களைப் பற்றி மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் இங்கே விடை தரப்படுகிறது. பிழைப்புக்காகக் கடலுக்குப் போகும் மீனவர்களின் தொழில் ஒப்பீட்டுக்காக மட்டுமே வரும்.

கேள்வி: பொழுதுபோக்கு மீன்பிடிப்பு என்று எதைச் சொல்கிறோம்?

பிடித்த மீனை விற்காமலும், வீட்டுச் சாப்பாட்டுக்கு அதையே முதன்மையாக நம்பாமலும் செய்யப்படும் மீன்பிடிப்பு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் ஏறக்குறைய இந்த வரையறையையே கொண்டுள்ளன. சொந்தப் படகு, வாடகைப் படகு, கட்டணம் பெற்று ஆட்களை அழைத்துச் செல்லும் படகு ஆகிய மூன்றும் இதில் அடங்கும். கட்டணப் படகின் உரிமையாளருக்கு அது தொழில்தான் என்றாலும், தூண்டில் பிடிப்பவருக்குப் பொழுதுபோக்கு என்பதால் அதுவும் இந்தக் கணக்கிலேயே சேரும்.

கேள்வி: ஒரு மனிதரும் ஒரு தூண்டிலும் சேர்ந்து கடலை என்ன செய்துவிட முடியும்?

ஒரு தூண்டிலை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. உலகில் குறைந்தது 22 கோடிப் பேர் பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறார்கள் என்று உலக வங்கி 2012இல் மதிப்பிட்டது. அதற்கு முன்பே, 2004இல், ஸ்டீவன் குக், இயன் கௌக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கனடாவின் கணக்கை உலக அளவுக்கு விரித்துப் பார்த்து, நன்னீரையும் கடலையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 4,700 கோடி மீன்கள் இப்படித் தூண்டிலில் சிக்கக்கூடும் என்றும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்களவு திரும்பத் தண்ணீரிலேயே விடப்படுகின்றன என்றும் சொன்னார்கள். ஒரே நாட்டின் கணக்கை உலகத்துக்கு நீட்டிய தோராயம் என்பதால் அதைத் துல்லியமாகக் கொள்ளக்கூடாது. ஆனால் அலட்சியம் செய்யக்கூடிய அளவு அல்ல என்பதை அது காட்டிவிடுகிறது.

இதைவிடத் தெளிவாகப் பேசுவது அமெரிக்காவின் 2002ஆம் ஆண்டுக் கடல்மீன் கணக்கு. அந்த ஆண்டு கரைசேர்ந்த மீனில் பொழுதுபோக்காகப் பிடித்தோரின் பங்கு 4 விழுக்காடுதான். பெருங்கப்பல்கள் டன் கணக்கில் வாரும் மென்ஹேடன், பொல்லாக் ஆகிய இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அது 10 விழுக்காடு ஆகிறது. இருப்பு குறைந்து கவலைக்குரியவை என்று குறிக்கப்பட்ட இனங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 23 விழுக்காடு. அதே இனங்களை மெக்சிகோ வளைகுடாவில் மட்டும் கணக்கிட்டால் 64 விழுக்காடு. கணக்கு ஒன்றுதான்; எதை எதோடு நிறுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. கடலில் உள்ள மீன் அனைத்தையும் ஒரு தட்டில் வைத்துவிட்டுத் தூண்டில்காரரின் பங்கு சிறிது என்று வாதிடுவோர் முதல் எண்ணைச் சொல்வார்கள். ஆனால் தூண்டில்காரர் தேடிப் போவது நான்காவது எண்ணில் அடங்கிய மீன்களையே.

கேள்வி: என் படகில் பிடிப்பு குறையவே இல்லை. பிறகு மீன் குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நேர்மையான கேள்வி இது; பலரும் தம் கண்ணால் கண்டதை வைத்தே கேட்கிறார்கள். ஆனால் பிடிப்பு குறையாமல் இருப்பதற்கு மீன் குறையாதிருப்பது ஒன்றே காரணம் அல்ல.

முட்டையிடும் காலத்தில் பல இனங்கள் ஆண்டுதோறும் அதே பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்), அதே மாதத்தில் வந்து கூடும். கடலெங்கும் பத்தில் ஒரு பங்கு மீனே மிஞ்சியிருந்தாலும், அந்த மிச்சமும் ஓரிடத்தில் கூடும்போது அதன் மேல் நிற்கும் படகுக்குத் தூண்டில் போட்ட மாத்திரத்தில் மீன் ஏறும். தெற்குக் கலிபோர்னியாவில் கெல்ப் பாஸ், பார்டு சாண்ட் பாஸ் என்ற இரு மீன்களுக்கும் நேர்ந்தது இதுதான். அங்கே பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்குப் படகுகள்தான் இவற்றைப் பிடித்துவந்தன. கூட்டம் கூடும் இடங்களில் பிடிப்பும் நன்றாகவே இருந்தது. 2011இல் வெளியான ஆய்வு, 1980க்குப் பிறகு இவ்விரு மீன்களின் இருப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு சரிந்திருப்பதைக் காட்டியது. பின்னர் 2013இல் அங்கே குறைந்தபட்ச நீளத்தை உயர்த்தி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 மீன் என்று வரம்பைக் குறைத்தார்கள்.

இரண்டாவது காரணம் படகிலேயே இருக்கிறது. மீன் காட்டும் எதிரொலிக் கருவி, ஒரு முறை மீன் கிடைத்த இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் நினைவில் வைத்துக்கொள்ளும் ஜி.பி.எஸ்., நங்கூரமே இல்லாமல் படகை ஒரே புள்ளியில் நிறுத்தும் மின்மோட்டார், ஆழத்திலிருந்து தானே சுருட்டும் மின்ராட்டை என்று இவை ஒவ்வொன்றும் வந்தபோது மீனவரின் திறமை கூடியதாகத் தோன்றியது. முன்பு கரையடையாளம் பார்த்து அரை நாள் தேடிக் கண்டுபிடித்த பாரை இப்போது பொத்தானை அழுத்திச் சென்றடைகிறோம். குறைந்துகொண்டே போகும் மீனைக் கூடிக்கொண்டே போகும் கருவி மறைத்துவிடுகிறது.

கேள்வி: குஞ்சுகளை விட்டுவிட்டுப் பெரிய மீனை மட்டும் எடுப்பது நல்லதுதானே?

ஒரு முறையாவது முட்டையிட வாய்ப்புத் தருவதற்காகச் சிறியவற்றை விடுவது சரியே. ஆனால் அந்த நியாயத்தை நீட்டி, ‘பெரியதை எடுத்தால் குற்றமில்லை’ என்று முடிப்பது தவறு.

பெரிய பெண் மீன், தன் எடைக்கு ஈடாக அல்ல, அதற்கும் மேலாக முட்டையிடுகிறது. அட்லாண்டிக் காட் மீனில், 30 கிலோ எடையுள்ள ஒரு தாய் மீன் இடும் முட்டைகள், 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடும் முட்டைகளைவிட மிகுதி என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த 28 மீன்களின் கூட்டு எடை 56 கிலோ என்பதைக் கவனிக்க வேண்டும். முட்டைகளும் அளவில் பெரியவை. ஆகவே பரிசுக்காகவும் படத்துக்காகவும் ஒரே ஒரு பெரிய மீனை எடுத்தவர், எண்ணிக்கையில் ஒன்றையும் விளைச்சலில் பலவற்றையும் எடுத்திருக்கிறார்.

களவா இனங்களில் சிக்கல் இன்னொரு வகையானது. அவற்றில் பல பெண்ணாகப் பிறந்து, வளர்ந்து பெரியவை ஆனபின் ஆணாக மாறுபவை. பெரியவற்றையே தேர்ந்தெடுத்துப் பிடித்தால் ஆண்களே குறையும். மெக்சிகோ வளைகுடாவின் காக் என்ற களவா வகையில், 1970களில் 17 விழுக்காடாக இருந்த ஆண்களின் பங்கு, 1990களில் 2 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. தொழில்முறைப் படகுகளும் பொழுதுபோக்குப் படகுகளும் சேர்ந்தே இதைச் செய்தன.

பெரிய மீன் எப்படிக் காணாமல் போகிறது என்பதை, அமெரிக்காவின் கீ வெஸ்ட் துறையில் கட்டணப் படகில் சென்று திரும்பியோர் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் காட்டுகின்றன. அன்றன்றைய பிடிப்பை ஒரு பலகையில் தொங்கவிட்டு, அதன் அருகே குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். லோரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர் 1956 முதல் 2007 வரையிலான இப்படங்களில் தொங்கிய மீன்களை அளந்தார். 1956இல் ஒரு மீனின் சராசரி எடை 19.9 கிலோ, 2007இல் 2.3 கிலோ. தொடக்க காலப் படங்களில் மனிதரை விடப் பெரிய களவாக்களும் சுறாக்களும் தொங்குகின்றன. கடைசிப் படங்களில் கைநீளச் சங்கரா வகைகள். இரண்டிலும் அருகில் நிற்பவர்களின் முகத்தில் அதே மகிழ்ச்சிதான். முந்தைய படத்தைப் பார்க்காதவருக்குத் தம் மீன் சிறியது என்று தெரிய வழியில்லை.

இதனால்தான் சில இனங்களுக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் சேர்த்து விதிக்கப்படுகின்றன. அமெரிக்க அட்லாண்டிக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்கு 2023இல் அவசர நடவடிக்கையாக மேல்வரம்பு 31 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. கடலில் பிடிப்போர் 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்டதை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

கேள்வி: பிடித்துவிட்டு உயிரோடு விட்டுவிடுகிறேன். அதில் என்ன கேடு?

விடப்பட்ட மீன் நீந்திச் சென்றதைத்தான் நாம் பார்க்கிறோம், பிழைத்ததை அல்ல. 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல இனங்களைப் பற்றிய 274 மதிப்பீடுகளை ஒன்றுசேர்த்து, விடப்பட்ட மீன்களில் சராசரியாக 18 விழுக்காடு இறப்பதாகக் கண்டது. இனத்துக்கு இனம், ஆழத்துக்கு ஆழம் இது பெரிதும் மாறும். மேலே சொன்ன ஸ்ட்ரைப்ட் பாஸுக்கு 9 விழுக்காடு என்று கணக்கில் கொள்கிறார்கள். சுத்தியல் தலைச் சுறாக்கள் போராடிக் களைத்தே செத்துப்போகக்கூடியவை. நெடுநேரம் இழுத்து விளையாடிவிட்டு அவற்றை விடுவதில் பயன் குறைவு.

ஆழத்திலிருந்து ஏற்றப்படும் மீனை எடுத்துக்கொள்வோம். 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப் போல் ஐந்து மடங்கு. அங்கே வாழும் சங்கராவை இரண்டு நிமிடத்தில் மேலே சுருட்டினால், அதன் காற்றுப்பையில் உள்ள காற்று ஐந்து மடங்கு விரியப் பார்க்கும். பை கிழியும், கண்கள் பிதுங்கும், இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளப்பட்டு, இளஞ்சிவப்புக் குமிழ்போல் நிற்கும். அதைக் காற்றுப்பை என்று எண்ணிக் கத்தியால் குத்துவோர் உண்டு. அவர்கள் குத்துவது மீனின் வயிற்றை. அந்த நிலையில் விட்டால் மீன் கீழே போக முடியாமல் மேலேயே மிதக்கும். கடற்பறவைக்கோ சுறாவுக்கோ இரையாகும்.

அமெரிக்காவின் தென்கிழக்கு அட்லாண்டிக் கரையில் சிவப்பு ஸ்னாப்பர் என்ற சங்கரா வகைக்கு 2024இல் பொழுதுபோக்காளர்களுக்குப் பிடிக்க அனுமதி கிடைத்த பருவம் ஒரே ஒரு நாள். மீன் அங்கே இல்லாமல் அல்ல. வேறு மீனுக்குத் தூண்டில் போடும்போது சிக்கி, சட்டப்படி விடப்பட்டு, பிறகு செத்துப்போகும் ஸ்னாப்பர்களே அனுமதிக்கக்கூடிய இறப்பின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடுகின்றன. விடுவதைக் கட்டாயமாக்கும் விதியும் தனியாக நின்று காப்பாற்றாது என்பதற்கு இது போதும்.

கேள்வி: அப்படியானால் விடும் மீன் பிழைக்க என்ன செய்யலாம்?

வட்டமுள் பயன்படுத்துவது முதல் வேலை. சாதாரணத் தூண்டில் முள்ளை மீன் விழுங்கினால் அது தொண்டையிலோ குடலிலோ குத்தும். நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள் வழுக்கி வந்து பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். ஆனால் மீன் கடித்தவுடன் வெடுக்கென இழுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தூண்டில் நரம்பு (முள்ளைக் கட்டிய நைலான் இழை) தானே இறுகட்டும் என்று காத்திருந்தால்தான் வட்டமுள் தன் வேலையைச் செய்யும். ஆழமாக விழுங்கிவிட்ட முள்ளைப் பிடுங்காமல், நரம்பை வாய்க்கு அருகே வெட்டிவிடுவது மேல்.

ஆழக்கடல் மீனுக்கு எடை கட்டிய இறக்குகருவி ஒன்று படகில் ஆயத்தமாக இருக்க வேண்டும். மீனின் தாடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, குறித்த ஆழத்தில் விடுவிக்கும் கருவி அது. திரும்ப அழுத்தம் கூடும்போது விரிந்த காற்று சுருங்கிவிடும். மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்கக் கூட்டரசின் நீர்ப்பரப்பில் பார்மீன் பிடிக்கும் படகுகளில், இதையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ பயன்படுத்த ஆயத்தமாக வைத்திருப்பது 2022 ஜனவரியில் கட்டாயமாக்கப்பட்டது. கருவி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது கணக்கில் வராது.

மற்றவை எளியவை: ஈரக் கையால் தொடுதல், காற்றில் வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்தல், செவுளுக்குள் விரல் விடாதிருத்தல். படம் எடுக்க வேண்டுமானால் கேமரா ஆயத்தமான பிறகே மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குவது நல்லது. அன்றைக்கு வேண்டிய மீன் கிடைத்தபின் ஆழமான பாரை விட்டு விலகிவிடுவது எல்லாவற்றையும் விடச் சிறந்த வழி. ஆனால் யாரும் அதைச் சொல்லக் கேட்பதில்லை.

கேள்வி: மீனைத் தவிரக் கடலடிக்கும் பாதிப்பு உண்டா?

உண்டு, சில கரைகளில் மீனை விட இதுதான் பெரிது. மத்தியதரைக் கடலின் போசிடோனியா என்ற கடற்புல், பக்கவாட்டில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டரே பரவும். நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டு, வேரோடும் கிழங்கோடும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லைப் பெயர்த்தெடுத்தால், அந்தத் திட்டு மூடப் பல பத்தாண்டுகள் ஆகும். காலையில் நங்கூரம் தூக்கியவர் அதில் ஒட்டிவந்த புல்லைக் கையால் உதறிவிட்டுப் போய்விடுவார். சங்கிலி இன்னும் மோசம். அலைக்கும் காற்றுக்கும் படகு திரும்பத் திரும்ப, அது தரையில் வட்டமாகத் துடைத்துக்கொண்டே இருக்கும். ஸ்பெயினின் பலேரிக் தீவுகள் 2018இல் ஆணை பிறப்பித்து, போசிடோனியா மேல் நங்கூரமிடுவதைத் தடுத்தன. நிலையான மிதவைகளைக் கட்டிவைத்து, படகுகளை அவற்றில் கட்டச் சொல்வதே நடைமுறையில் பலன் தருகிறது.

ஆழம் குறைந்த கடற்புல் பரப்பில் படகு எஞ்சினின் விசிறி உழுதுவிட்டுப் போகும் தடங்களும் உண்டு. ஃபுளோரிடாவில் இவற்றை வானிலிருந்து எடுத்த படங்களிலேயே காணலாம். நங்கூரம் இல்லாமல் நிற்க உதவும் மின்மோட்டார் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்பது உண்மை. அதே மோட்டார் மீன் கூட்டத்தின் தலைக்கு மேலேயே படகை நிறுத்திவைக்கிறது என்பதும் உண்மை.

அறுந்துபோன நரம்பு பவளத்தில் சுற்றிக்கொண்டு, அலையில் அசைந்து அசைந்து அதன் தசையை அறுக்கும். கடற்பறவைகளின் கால்களிலும் ஆமைகளின் துடுப்புகளிலும் சிக்கும்.

கேள்வி: எஞ்சின், வண்ணப்பூச்சு, இரை ஆகியவற்றால்?

பழைய கார்புரேட்டர் வகை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், ஊற்றிய எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எரிக்காமலே தண்ணீரில் விடுகிறது. படகடியில் பாசி ஒட்டாமல் பூசப்பட்ட டிரைபியூட்டைல் டின் கலந்த பூச்சு, பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பைச் சீர்குலைத்தது. அந்நாடு 1982இல் சிறு படகுகளில் அதைத் தடுத்தது, உலகளாவிய தடை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது பூசப்படும் செம்புப் பூச்சும் கேடற்றதல்ல.

வேற்றுக் கடலிலிருந்து வாங்கிய உயிரிரையை மிச்சம் கொட்டுவதும், ஓரிடத்து நங்கூரத்தைக் கழுவாமல் அடுத்த இடத்தில் போடுவதும் அயலினங்களைப் பரப்பும். 1984இல் மொனாக்கோ கரையில் முதலில் காணப்பட்ட கௌலர்பா டாக்சிஃபோலியா என்ற பாசி, நங்கூரங்களிலும் வலைகளிலும் ஒட்டிக்கொண்டு மத்தியதரைக் கடலின் பல கரைகளுக்குப் பரவியது.

கேள்வி: ஆளுக்கு இத்தனை மீன் என்று வரம்பு இருக்கிறதே, அது போதாதா?

அது ஒரு கையைக் கட்டுகிறது. எத்தனை கைகள் வரலாம் என்பதைச் சொல்வதில்லை. மெக்சிகோ வளைகுடாவின் சிவப்பு ஸ்னாப்பர் இதற்குக் கண்கூடான சான்று. அங்கே கூட்டரசு நீர்ப்பரப்பில் பொழுதுபோக்குப் பருவம் 2007இல் 194 நாள். 2014இல் 9 நாள். 2017இல் தனியார் படகுகளுக்கு முதலில் அறிவிக்கப்பட்டது 3 நாள், பிறகு எதிர்ப்பின் பேரில் நீட்டித்தார்கள். மீன் அழிந்துகொண்டிருந்ததால் நாள் குறையவில்லை, மீண்டுகொண்டிருந்தது. மீன் பெருகி, எடையும் கூடியதால் ஒதுக்கப்பட்ட அளவு விரைவில் நிரம்பியது; பருவம் சுருங்கச் சுருங்கப் படகுகள் எல்லாம் அந்தச் சில நாளிலேயே குவிந்தன. காற்று மோசமான நாளிலும் புறப்பட வேண்டிய கட்டாயம் வேறு.

ஐரோப்பாவில் ஸீ பாஸ் மீனுக்கு 2015இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 என்று வரம்பு வந்தது. அடுத்த ஆண்டே அது 1 ஆயிற்று. மேற்கு பால்டிக் காட் மீனுக்கு 2017இல் 5 என்று தொடங்கி, 2022இல் 1 ஆகி, 2024இல் பொழுதுபோக்குப் பிடிப்பே தடைசெய்யப்பட்டது. தொழில்முறை மீனவரின் பங்கைப் பல ஆண்டுகள் கட்டுப்படுத்திய பிறகே இந்தப் பங்கையும் கணக்கில் சேர்த்தார்கள். முன்னதாகவே சேர்த்திருக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: மீன்பிடிக்கத் தடைசெய்யப்பட்ட பகுதிகளால் பயன் உண்டா?

உறுதியாக உண்டு. ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில் 2004இல், எதையும் எடுக்கக்கூடாத பகுதி 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்ததிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்குள்ள சில பார்களில் பவளக் களவாவின் எண்ணிக்கை பெருமளவு கூடியது. அங்கேயே இடைநிலை மண்டலங்களும் உண்டு: ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு முள் மட்டும். எல்லைக்கோட்டை ஒட்டியே படகுகள் வரிசை கட்டி நிற்பதும், கண்காணிப்பு இல்லாத இரவில் கோட்டைத் தாண்டுவதும் நடக்கத்தான் செய்கின்றன.

கேள்வி: முதலில் கட்டுப்படுத்த வேண்டியது இழுவலைக் கப்பல்களை அல்லவா?

பெரும்பாலான கடல்களில் ஆம். ஆனால் அந்த விடையைக் கேடயமாகப் பிடிப்பது நியாயமாகாது. மெக்சிகோ வளைகுடாவின் சிவப்பு ஸ்னாப்பரில் தொழில்முறைக்கு 51 விழுக்காடும் பொழுதுபோக்குக்கு 49 விழுக்காடும் என்றுதான் பங்கு பிரித்திருக்கிறார்கள். ஏறத்தாழப் பாதியை எடுப்பவர், மற்றவர் கணக்கு முடியும்வரை தம் கணக்கைக் காட்ட மாட்டேன் என்று சொல்ல முடியாது.

கேள்வி: எத்தனை பேர், எவ்வளவு பிடித்தார்கள் என்பதை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?

தொழில்முறைப் படகு ஏலக்கூடத்தில் மீனை இறக்கும். அங்கே எடை பதிவாகும். விடுமுறைப் படகு ஆயிரம் தனித்தனித் துறைகளுக்கும் வீட்டு வாசல்களுக்கும் திரும்பும். ஆகவே துறையில் நின்று சிலரின் பிடிப்பை அளப்பது ஒன்று, வீடுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி எத்தனை முறை கடலுக்குப் போனீர்கள் என்று கேட்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கி மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். அமெரிக்கா 2018இல் தொலைபேசிக் கேள்வியிலிருந்து தபால் கேள்வித்தாளுக்கு முழுமையாக மாறியபோது, கடலுக்குப் போன முறைகளின் மதிப்பீடு சில மடங்கு உயர்ந்தது. கேள்விகளின் வரிசையை மட்டும் மாற்றிச் சோதித்ததன் முடிவு 2023இல் வெளியானது; அதில் அந்த மதிப்பீடு 30 முதல் 40 விழுக்காடு வரை குறைந்தது. பல நாள் கழித்து நினைவிலிருந்து சொல்லும் கணக்கு இவ்வளவு நெகிழக்கூடியது. மீன் எவ்வளவு பிடிக்கலாம் என்ற முடிவு அதன் மேல்தான் நிற்கிறது.

கேள்வி: துறையில் கணக்கெடுப்பவர் வந்தால் எதைச் சொல்ல வேண்டும்?

கடலில் இருந்த நேரம், தூண்டில்களின் எண்ணிக்கை, வைத்துக்கொண்ட மீன், விட்ட மீன், விட்டவற்றின் ஏறத்தாழ நீளம், எந்த ஆழத்தில் பிடித்தது என்பவற்றைச் சொல்லலாம். இடத்தின் துல்லியமான புள்ளியைச் சொல்லத் தயக்கம் இருந்தால் ஆழத்தை மட்டும் சொன்னாலும் பயன்படும். மறக்காமல் சொல்ல வேண்டியது, ஒன்றுமே கிடைக்காமல் திரும்பிய நாள். வெறுங்கையோடு வந்தவர் வெட்கப்பட்டு விலகிப் போய்விடுவதால், மீன் கிடைத்த நாள்களே ஏட்டில் ஏறுகின்றன.